நூற்றிருபது பவுண்டு மாப்பிள்ளை

ஆம்பூர்
8-1-1933, ஞாயிறு

என் அன்புள்ள புஷ்பத்துக்கு,

இவ்விடம் நான் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. கீழ்வீட்டுச் செல்லம்மாள் அப்படி எழுத விடமாட்டாள் போலிருக்கிறது.

உன் நைனா கொடுத்தனுப்பிய தேகப்பயிற்சி அட்டை வந்து சேர்ந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். பன்னிரண்டு படத்திலும் அந்த மீசைக்காரத் துரை அரைநிஜாரோடு நின்று என்னை முறைக்கிறார். நீ சொன்னபடி காலை ஐந்தரைக்கு எழுந்து முதல் படத்தில் ஆரம்பித்தேன். நாலாவது படம் வரையில் யாருக்கும் நஷ்டமில்லை. ஐந்தாவது படம், நின்ற இடத்திலேயே குதிப்பது. பத்துக் குதி குதித்திருப்பேன். மச்சிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து செல்லம்மாளின் கூழ்ப்பானையில் விழுந்துவிட்டது.

"இன்னா தம்பி, மேல எருமை கட்டி வச்சிருக்கியா? டைபாய்டுல கெடந்து எழுந்த ஒடம்புன்னு சொன்னே, குதிக்கிறதப் பாத்தா அப்படித் தெரியலியே!" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

எருமை என்று சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடலாம். நேற்று எங்கள் தோல் ஷாப்பில், தோல் நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நின்று பார்த்தேன். நூற்றிரண்டு பவுண்டு. உப்புப் போட்ட தோல்கட்டு ஒன்று என்னைவிட எடை ஜாஸ்தி. என்னோடு வேலை செய்யும் ஜியாவுல்லா நோன்பு வைத்துக்கொண்டிருக்கிறவன், சிரித்தால் தாகம் எடுக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான்.

புஷ்பம், விளையாட்டாக எழுதினாலும் எனக்கு உள்ளே பயம் இருக்கிறது. உன் மிட்வைஃப் படிப்பு ஈஸ்டரோடு முடிகிறது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் நாம் சேர்ந்து இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஈஸ்டருக்குள் நான் நூற்றிருபது பவுண்டு வரவேண்டுமாம். வராவிட்டால் இந்தத் தோல் நாற்றம் என் உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தமாம். வேலையை விட்டுவிட்டு வேலூருக்கு வந்து, அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்து, லாங் பஜாரில் அவர் சிநேகிதர் மருந்துக் கடையில் உட்கார வேண்டுமாம். மாமா நல்லவர். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாக அவர் கண்ணெதிரே தினமும் குதிக்க என்னால் முடியாது.

உன்
சாந்தகுமார்


வேலூர்
13-1-1933

பிரியமுள்ள அத்தானுக்குப் புஷ்பம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை வார்டு வாசலில் நின்று படித்து, சிரித்து, மேட்ரனிடம் திட்டு வாங்கினேன். பிரசவ வலியில் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கும்போது நான் சிரித்தால் திட்டாமல் என்ன செய்வார்கள்?

செல்லம்மாளுக்காகக் குதிப்பதை நிறுத்திவிட வேண்டாம். கீழே ஒரு பழைய கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கும் சொல்லி, அந்தக் கால்மணி நேரம் பானையை மூடி வைக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையின் விசேஷமே அதுதானே, வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம், யார் தயவும் வேண்டாம். ஒரு பாய் அகலம் இடம் போதும்.

ஒன்றை மாத்திரம் மறக்காதீர்கள். ஐந்தரை என்றால் ஐந்தரை. ஆறு மணிக்குச் செய்துகொள்கிறேன், சாயங்காலம் செய்துகொள்கிறேன் என்றெல்லாம் வேண்டாம். வரிசையும் தப்பக் கூடாது.

நைனா தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார். முப்பது வருஷம் கம்பவுண்டராக மருந்தை அவுன்சில் அளந்தவர், இப்போது மருமகனைப் பவுண்டில் அளக்கிறார். விட்டுத் தள்ளுங்கள். முட்டை சாப்பிடுங்கள். ஜியாவுல்லா அண்ணனுக்கு என் சலாம்.

உங்கள்
புஷ்பம்


ஆம்பூர்
5-2-1933, ஞாயிறு

அன்புள்ள புஷ்பம்,

நல்ல செய்தி. அட்டைத் துரைக்கு விடை கொடுத்துவிட்டேன்.

கோணிப்பையும் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு நின்றது, உற்சாகமும் நின்றுவிட்டது. தனியாக ஓர் அறையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு கையை நீட்டுவதும் மடக்குவதும் எத்தனை நாளைக்கு முடியும்? சில நாள் மூன்றாவது படத்தோடு திரும்பப் படுத்துக்கொண்டேன். கேட்பாரில்லையே.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஜியாவுல்லா வந்து, "வா தோஸ்த், உன்ன ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அதுதான் ஜான் பாஷா உஸ்தாதின் தாலிம். நீ பார்த்திருக்க மாட்டாய். குஸ்தியும் கஸரத்தும் கற்றுக்கொடுக்கிற இடம். போன மழையில் கூரையும் சுவரும் விழுந்து, இப்போது வேப்பமரத்தடியில்தான் நடக்கிறது. செம்மண்ணைச் சலித்து, எண்ணெயும் மோரும் விட்டுப் பிசைந்து மெத்தை மாதிரி வைத்திருக்கிறார்கள். ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவனும் வருகிறான், தோல் மண்டி முதலாளி மகனும் வருகிறான். எல்லாருக்கும் அதே லங்கோடு.

முதல் நாள் நான் எடுத்தது எட்டுத் தண்டால். ஒன்பதாவதில் மூக்கு மண்ணில் பட்டு அப்படியே கிடந்தேன். உஸ்தாத் பக்கத்தில் வந்து குந்தி, "பரவால்ல, மண்ணு ஒன்ன மோந்து பாத்துருச்சு. நாளைக்கு வா" என்றார். புஷ்பம், டைபாய்டுக்குப் பிறகு யாரும் என்னை நாளைக்கு வா என்று கூப்பிட்டதில்லை. எல்லாரும் படுத்துக்கொள் என்றுதான் சொன்னார்கள். மறுநாள் போனேன். இப்போது தண்டால் இருபத்தைந்து, பஸ்கி நாற்பது. கரளாக் கட்டையைத் தலையைச் சுற்றிச் சுழற்றுகிறேன். தலை இன்னும் இருக்கிறது.

ஷாப் விட்டதும் சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்விடுவேன். நீ சொன்ன ஐந்தரைதான், வேளைதான் வேறு. எடை நூற்றேழு. மாமாவிடம் எடையைச் சொல், தாலிமைச் சொல்லாதே. குஸ்தி என்றால் கை ஒடியும் கால் ஒடியும் என்று கட்டோடு வந்து நிற்பார்.

சந்தோஷமாக இருக்கும்
சாந்தகுமார்


வேலூர்
9-2-1933

அத்தானுக்கு,

எடை ஏறியதில் சந்தோஷம்.

வீட்டில் செய்ய முடியாதது அங்கே என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை. நாலு பேர் பார்த்தால்தான் கை நீளுமா? காலையில் ஒரு கால்மணி நேரம் எழுந்து நிற்க முடியாதவருக்கு ஊர் கூடி எழுப்ப வேண்டியிருக்கிறது. மூன்றாவது படத்தோடு படுத்துக்கொண்டேன் என்று நீங்கள் பாட்டுக்கு எழுதிவிட்டீர்கள். எந்தெந்த நாள் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.

அட்டையை எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். சுவரிலேயே இருக்கட்டும்.

வார்டில் வேலை ஜாஸ்தி. நைனா சுகம்.

புஷ்பம்


ஆம்பூர்
20-2-1933

(கார்டு)

அன்புள்ள புஷ்பம், உன் கோபம் புரிகிறது, காரணந்தான் புரியவில்லை. அவசரமாகத் தபாலாபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். ஜஹீருன்னிசா பேகம் கடைசியில் சம்மதித்துவிட்டார்கள். இனி ஒரு தடையும் இல்லை. வருகிற புதன்கிழமை காலையில் என் கையாலேயே தாலிம் கட்டப்போகிறேன். ஜியாவுல்லாவும் சிநேகிதர்களும் கூட இருப்பார்கள். உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் மனசு அங்கே போய்விட்டது, என்ன செய்ய? மாமாவிடம் சொல்லாதே. பிறகு நானே நேரில் வந்து சொல்கிறேன். சாந்தகுமார்.


வேலூர்
22-2-1933, புதன் காலை

சாந்தகுமார் அவர்களுக்கு,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று நான் வார்டிலிருந்து வருவதற்குள் உங்கள் கார்டு வந்துவிட்டது. கார்டைத் தபால்காரர் படித்து, எதிர்வீட்டு சுகரா பேகம் படித்து, கடைசியாக நைனா படித்திருக்கிறார். எனக்கும் வாசித்துக் காட்டினார். கையில் கொடுக்கக்கூட இல்லை, சாட்சிக்கு வேண்டும் என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஜஹீருன்னிசா பேகம் சம்மதித்துவிட்டார்களாம். என் கையாலேயே தாலி கட்டப்போகிறேன் என்று எழுதுகிறீர்கள். மனசு அங்கே போய்விட்டதாம். இதையும் கார்டில் எழுதி, என்னிடமே சொல்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஒன்றேகாலணா கவருக்குக்கூட நான் லாயக்கில்லையா?

விடிந்ததும் நைனா குடையை எடுத்துக்கொண்டு, உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு காட்பாடிக்குப் போய்விட்டார். ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போயாவது கல்யாணத்தை நிறுத்துவேன் என்கிறார். நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு இல்லை. நான் என்ன குறை வைத்தேன்? தேகப்பயிற்சியை வீட்டில் செய்யுங்கள் என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? அதற்காக ஒரு மனுஷன் தாலிமுக்குப் போனது போதாமல் இன்னொரு தாலி

அத்தான்.

தாலிமா?

தாலிம் கட்டப்போகிறேன் என்றா எழுதினீர்கள்? மழையில் சுவர் விழுந்துவிட்டது என்று முன்பே எழுதியிருந்தீர்களே! ஐயோ, அது எனக்கு ஏன் தோன்றவில்லை? நைனாவுக்குத் தாலிம் என்ற வார்த்தையே தெரியாதே! இந்தக் கடிதம் உங்களுக்கு நாளைதான் கிடைக்கும். நைனா இந்நேரம் குடியாத்தம் தாண்டியிருப்பார். கர்த்தர் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள், இன்னும் உங்கள்
புஷ்பம்


ஆம்பூர்
26-2-1933, ஞாயிறு

என் அருமைப் புஷ்பம்,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை காலை பத்து மணி. முட்டி வரை சேறு. நானும் ஜியாவுல்லாவும் மண் மிதித்துக்கொண்டிருந்தோம், மற்றவர்கள் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரத்துக்கு வாசலில் நாலு காகிதத் தோரணம் கட்டியிருந்தோம், தேகசா என்கிற பெரிய பாத்திரத்தில் சேமியா கொதித்துக்கொண்டிருந்தது. அதாவது, தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீடேதான். அப்போது உன் நைனா குடையை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் உபதேசியார் பைபிளோடு ஓடிவருகிறார்.

"எங்கய்யா பொண்ணு?" இதுதான் மாமா சொன்ன முதல் வார்த்தை.

ஜியாவுல்லாதான் சேற்றுக்கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னான். "பொண்ணா? லேடீஸ்லாம் இங்க வர்றதில்ல பெரியவரே. இது தாலிம்."

"அதத்தான்யா நானும் கேக்கறேன்! யாருக்குத் தாலி?"

"எல்லாருக்கும்தான். உஸ்தாத் யாரையும் வேணாம்னு சொல்லமாட்டாரு. நீங்களும் வர்றதுன்னா வரலாம்."

உபதேசியார் "கர்த்தாவே!" என்று மண்குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு அந்த ஜஹீருன்னிசா?" என்று மாமா கர்ஜித்தார். ஜான் பாஷா உஸ்தாத் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாடிவீட்டைக் காட்டினார். "மனைக்குச் சொந்தக்காரங்க. மழையில சுவர் விழுந்ததுலேருந்து கேட்டுக் கேட்டு இப்பதான் சுவர் வைக்க எடம் கொடுத்தாங்க. எழுவத்திரண்டு வயசு. அவங்கள இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

மாமா கார்டை எடுத்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன். தபாலாபீசில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்தப் பேனா செய்த வேலை. தாலிம் என்பதில் 'ம்' இருந்த இடத்தில் கடுகளவுக்கு ஒரு மைப்பொட்டு. பொட்டுக்கு அந்தப் பக்கம் 'கட்டப்போகிறேன்'. நான் சொன்னதும் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு உபதேசியாரிடம் காட்டினார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது உபதேசியார்தான். அப்புறம் தாலிமே சிரித்தது. மாமா சிரித்த சிரிப்பில் குடை சேற்றில் விழுந்தது.

கதை இதோடு முடியவில்லை. சேமியாவும் டீயும் ஆனதும் மாமா ஒரு கரளாக் கட்டையை எடுத்துப் பார்த்தார். "நான் வாலிபத்துல இதைவிடப் பெருசு சுத்தியிருக்கேன்" என்றார். உஸ்தாத் "வேணாம் பெரியவரே" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு சுற்று. இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆகையால் மாமா வெள்ளிக்கிழமை வரைக்கும் என் கட்டிலில் படுத்திருந்தார். உஸ்தாத் இரண்டு வேளையும் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டார். முப்பது வருஷம் மருந்து கலக்கிய கம்பவுண்டர், "இந்த எண்ணெய்ல இன்னா சேக்கறீங்க?" என்று நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துக்கொண்டார். செல்லம்மாள் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். "முன்ன மேல குதிப்பாரு. இப்ப ஊர்ல குதிக்கிறாரு. நல்ல பிள்ளைதான்" என்றாளாம்.

இப்போது மனதில் உள்ளதைச் சொல்கிறேன். போகும்போது மாமா என்னைத் தோல் தராசில் ஏற்றினார். நூற்றுப்பதினாலு. "ஆறு பவுண்டு கம்மி மாப்ளே" என்றார். "தாலிம் நல்லதுதான். ஆனா அது வேலூர்லயும் இருக்கு. நூத்திருபதுன்னா நூத்திருபதுதான்." ஈஸ்டருக்கு ஏழு வாரம் இருக்கிறது. டைபாய்டு உடம்பு ஓர் அளவுக்கு மேல் சட்டென்று ஏறாது என்று உஸ்தாதே சொல்கிறார். ஆறு பவுண்டு வராது போலத்தான் இருக்கிறது.

எனக்கு இந்த ஊர் வேண்டும், புஷ்பம். நாற்றத்தோடு சேர்த்து வேண்டும். இங்கே எனக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு வீடு பிடித்து உன்னை இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் நீ இத்தனை கடிதத்திலும் உனக்கு எது வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. வீட்டிலேயே செய்யுங்கள், வீட்டிலேயே செய்யுங்கள் என்று ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாய்? அதையாவது சொல்.

உன்
சாந்தகுமார்


வேலூர்
12-3-1933

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

பதில் எழுதப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டேன், கோபிக்காதீர்கள். சில வேலைகளை முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றிருந்தேன். முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அந்த அட்டையை உங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் பன்னிரண்டு படங்களையும் கார்பன் தாள் வைத்து வரைந்துகொண்டேன். நைனா தினமும் ஐந்து மணிக்குக் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கப் போய்விடுவார், ஆறரைக்குத்தான் வருவார். நான் அறைக்கதவைச் சாத்தி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஐந்தரைக்கு முதல் படத்தில் ஆரம்பிப்பேன். இந்நேரம் அத்தான் கையை நீட்டுவார், இந்நேரம் குனிவார், இந்நேரம் குதிப்பார், செல்லம்மாள் திட்டுவாள். இப்படி நினைத்துக்கொண்டே செய்வேன். முப்பது மைல் தூரத்தில் இருந்தாலும் அந்தக் கால்மணி நேரம் நாம் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. கல்யாணமாகி எனக்குக் கிடைத்த குடித்தனம் அவ்வளவுதான்.

அதனால்தான் தாலிமைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அங்கே பத்துப் பேரோடு சந்தோஷமாக இருக்கிறீர்கள், நான் இங்கே தனியாக ஒரு துரை படத்துக்கு எதிரே குதித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. எந்தெந்த நாள் படுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டதும் அதற்குத்தான்.

ஆனால் நான் நிறுத்தவில்லை, அத்தான். நிறுத்தலாம் என்று ஒரு நாள் சும்மா இருந்து பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. யாருக்காக ஆரம்பித்தேனோ, இப்போது எனக்காகச் செய்கிறேன். போன வாரம் வார்டில் ஒரு கனத்த அம்மாளை நான் ஒருத்தியாகத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். மேட்ரன் வாயைப் பிளந்து நின்றார்கள். ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். எவ்வளவு தெரியுமா? நூற்றிருபத்தாறு!

அன்றைக்கே நைனாவிடம் போனேன். அவர் வியாபாரிக் கணக்குக்கு மசியமாட்டார், கம்பவுண்டர் கணக்குக்கு மசிவார். "நைனா, உங்க மாப்ள நூத்திப்பதினாலு, நான் நூத்திருபத்தாறு. ரெண்டையும் ஒண்ணா கலந்து ரெண்டு பங்கா ஊத்தினா ஒரு பங்கு எவ்ளோ?" என்று கேட்டேன். காகிதத்தில் எழுதிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "நூத்திருபது" என்றார்.

"நீங்க கேட்ட எடை வந்துட்டுது. புருஷன் பொண்டாட்டி ஒரே சரீரம்னு கல்யாணத்தன்னிக்கு உபதேசியார் வாசிச்சாரே, அப்புறம் இன்னாத்துக்குத் தனித்தனியா நிறுக்கறீங்க? ஆளைப் பாத்துக் கட்டிக்கிட்டேன். தராசுல வச்சு வாங்க நான் தோல் வியாபாரியா?"

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பயந்துபோனேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பிவந்தார். கையில் சின்னதாக ஒரு ஜோடி கரளாக் கட்டை. "லாங் பஜார்ல இந்த சைஸுதான் கெடச்சுது. பொம்பளைங்களுக்குத் தனியா செய்யறதில்லியாம்" என்று என் கையில் கொடுத்தார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து அழுதோம். சிரித்துக்கொண்டேதான் அழுதோம்.

இரண்டாவது வேலை. ஆம்பூரில் பிரசவ விடுதி ஒன்றுக்கு மிட்வைஃப் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். மேட்ரன் எனக்காக எழுதினார்கள். நேற்று உத்தரவு வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும். எனக்கு எது வேண்டும் என்று கேட்டீர்களே, இதுதான். உங்கள் ஊர் எனக்கும் வேண்டும்.

நீங்கள் தாலிமை விட வேண்டாம். தினமும் போய்வாருங்கள். அங்கே உங்களை நாளைக்கு வா என்று கூப்பிட்டவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் அங்கே எனக்கு இடமில்லை, நான் வீட்டில்தான் செய்தாக வேண்டும். எனக்கு இனிமேல் மூடின அறையும் மச்சும் வேண்டாம். வானம் தெரிய வேண்டும். ஆகையால் கொல்லை உள்ள வீடாகப் பாருங்கள். கிணறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுவர் உயரமாக இருக்க வேண்டும். நாடா வைத்து அளந்து பார்த்தேன். கட்டையோடு கையைத் தூக்கிக் குதித்தால் எனக்கு ஏழே முக்கால் அடி வருகிறது. மறக்காமல் அளந்துவிட்டு வாடகை பேசுங்கள்.

உங்கள்
புஷ்பம்


ஆம்பூர்
19-3-1933

(கார்டு)

புஷ்பம், ஒரு வாரமாக நானும் ஜியாவுல்லாவும் அளவுக்கோலும் ஏணியுமாக அலைந்தோம். வீடு பார்க்க வந்தவன் கூரையைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறானே என்று ஊரில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். பேசட்டும். பன்னிரண்டாவது வீடு. எட்டடி இரண்டங்குலம். சாவி வாங்கிவிட்டேன். வா. சாந்தகுமார்.